கல்லறைக்குப் போன கல்யாண வீட்டார்

ஆக்லாந்து விமான நிலையத்தில் முதலில் பறிபோனது மாவிலைக் கொத்து. அடுத்தது வெற்றிலை. பச்சையாக எதுவும் நாட்டுக்குள் வரக் கூடாதாம். கையுறை போட்ட அதிகாரி முறுக்கு டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். இவ்வளவு இலை எதற்கு என்று கேட்டார். கல்யாணத்துக்கு என்றேன். மணமக்களுக்குத் தன் வாழ்த்தைச் சொல்லச் சொல்லிவிட்டு, கொத்தைத் தூக்கித் தொட்டியில் போட்டார். அவர் முகத்தில் சிரிப்பு மாறவே இல்லை. நம் ஊர் அதிகாரியாக இருந்தால் திட்டிவிட்டாவது இலையைக் கொடுத்திருப்பார்.

என் அக்கா சாந்தியின் ஒரே மகள் யாழினிக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். நான் தாய்மாமன். மாமன் சீர் போக இன்னொரு பொறுப்பும் என் தலையில் விழுந்திருந்தது. அத்தான் நான்கு வருடங்களுக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். அதனால் பெண்ணின் கையை மாப்பிள்ளை கையில் வைத்துத் தண்ணீர் ஊற்றி, தாரை வார்த்துக் கொடுப்பது நான்தான் என்று அக்கா முடிவு செய்துவிட்டாள். என் மனைவிக்கு விசா வந்து சேரவில்லை. ஒற்றை ஆளாகச் செய்யலாமா என்று கேட்டதற்கு, தாய்மாமன் என்றால் பரவாயில்லை என்று ஐயர் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பிவிட்டார். அக்கா தான் கடைசி வரிசையில் நின்றுகொள்வதாகச் சொன்னாள். ஏதோ சாப்பாட்டுக்கு எத்தனை வகை என்று சொல்வதுபோலச் சொன்னாள். நானும் சரி என்றேன்.

அக்கா வீடு பாபகூராவில். வந்து இறங்கிய புதன்கிழமை சாயங்காலமே வேலிக்கு மேலாக ஒரு பை நிறையப் பழம் வந்தது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரத் தாத்தா கொடுத்தது. ஃபீஜோவா என்றாள் அக்கா. பார்வைக்குச் சின்னக் கொய்யாக்காய். வெட்டிக் கரண்டியால் சுரண்டித் தின்ன வேண்டும். முதல் வாய்க்குச் சோப்பு, இரண்டாவது வாய்க்கு அன்னாசி, மூன்றாவது வாய்க்குள் எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஏப்ரல் மாதம் வந்தால் இந்த ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் இதைக் கொடுப்பார்களாம். வாங்கிக்கொள்ள ஆள் கிடைக்காமல் வாசலில் பெட்டி பெட்டியாக வைத்திருந்த வீடுகளை நானே பார்த்தேன்.

வியாழக்கிழமை காலை பந்தக்கால். மனுகாவில் ஒரு தோட்டச் சாமான் கடையில் மூங்கில் கம்பு வாங்கி வந்தோம். வீட்டுப் பின்புறம் முழுக்கச் சிமெண்டுத் தரை. தக்காளிச் செடியைப் பிடுங்கிவிட்டு அந்தத் தொட்டியில் பந்தக்காலை நட்டோம். மாவிலைக்குப் பதில் எலுமிச்சை இலை. ஆக்லாந்துக் காற்று சும்மா விடுமா? துணி காயப்போடும் கம்பத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டியதாயிற்று. வேலிக்கு மேல் எட்டிப் பார்த்த தாத்தா, அவரைக்கொடியா என்று கேட்டார். நான் ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

மஞ்சள் குங்குமம் வைக்க ஐந்து சுமங்கலிகள் வேண்டும். அக்காவின் தோழிகளில் கோயம்புத்தூர்க்காரர் இருவர், ஈப்போவிலிருந்து வந்தவர் ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் என்று நால்வர்தான் வேலைக்கு லீவு போட்டு வர முடிந்தது. ஐந்தாவதாக மதுரையிலிருந்து என் மனைவி வீடியோ அழைப்பில் வந்தாள். தூக்கம் கலையாத முகத்தோடு, அரிசி மூட்டையில் சாய்த்து வைத்த ஃபோனுக்குள் இருந்துகொண்டு குங்குமத்தைக் காற்றில் வைத்தாள். எல்லோரும் சிரித்தோம். அப்போது அக்கா எங்கே என்று திரும்பிப் பார்த்தேன். சமையலறையின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஆரத்தித் தட்டு தயாராக இருந்தது. அதை வாங்கிக்கொள்ள ஈப்போ அம்மா உள்ளே போனார்.

அன்று மத்தியானம் ஒரு செய்தி. பக்குரங்காவில் இருக்கும் என் கல்லூரி நண்பனின் அப்பா இறந்துவிட்டார். அந்த மனிதர் கையால் நான் எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறேன். ஒரு எட்டு போய்விட்டு வருகிறேன், வந்ததும் குளித்துவிடுகிறேன் என்றேன். அக்கா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"பந்தக்கால் நட்டாச்சு. ஞாயிறு தாண்டுற வரைக்கும் நம்ம வீட்டு ஆளுக யாரும் துக்க வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. குளிச்சாப் போயிருமா?"

நான் போகவில்லை. நண்பனுக்கு ஃபோனில் ஏதோ சமாதானம் சொன்னேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமைதான் இந்தக் கட்டுரைக்குக் காரணமான நாள். யாழினி பல்கலைக்கழகத்தில் மாணவர் நலப் பிரிவில் வேலை பார்க்கிறாள். மனித உரிமைக்காகப் போராடியவர்களின் நினைவாக அங்கே ஆண்டுக்கு ஒருநாள் தொண்டுப் பணி நடக்கும். அதை நடத்துவதே அவள்தான். கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போதும் அவள் லீவு போடவில்லை. நான் மதுரையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் ஆசிரியன்; இருபது வருடமாக மாணவர் தொண்டுப் பணிக்கும் நானே பொறுப்பு. பேனர், சிறப்பு விருந்தினர், பொன்னாடை, மரம் நடுவிழா. ஒவ்வொரு ஆண்டும் அதே குழியில்தான் நடுவோம் என்பதை இங்கேயாவது ஒப்புக்கொள்கிறேன். இந்த ஊரில் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தே தீர வேண்டும் என்று நின்றேன். யாழினி சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். ஷூ அழுக்காகும், பரவாயில்லையா மாமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பரவாயில்லை என்றேன்.

அவள் விடியற்காலையிலேயே போய்விட, நான் எட்டு மணி ரயிலில் தனியாகக் கிளம்பினேன். பாதி வழியில் ஒரு நிலையத்தில் எல்லோரும் இறங்கினார்கள். நான் மட்டும் வேடிக்கை பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் திரும்பி வந்து, தண்டவாளத்தில் வேலை நடக்கிறது, இனிமேல் பஸ், இது எங்களுக்கு வாராவாரம் நடப்பதுதான் என்று சொல்லி என்னை எழுப்பிக் கூட்டிப்போனார். பஸ் ஓட்டுநர் ஃபிஜி நாட்டு இந்தியர். என் முகத்தைப் பார்த்ததும் இந்தியில் பொழிந்துவிட்டார். எனக்கு இந்தி தெரியாது என்றேன் ஆங்கிலத்தில். தன் தாத்தாவின் அம்மாவும் தமிழ்தான், தனக்குத்தான் தெரியாது என்றார் அவரும் ஆங்கிலத்தில். இருவரும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம்.

பல்கலைக்கழகத்தில் பேனரைத் தேடினேன். இல்லை. மேடை, மைக் எதுவும் இல்லை. முப்பது மாணவர்கள் புல்தரையில் வட்டமாக நின்றிருந்தார்கள். மாவோரி மாணவர் ஒருவர் பிரார்த்தனை சொல்லித் தொடங்கினார். பிறகு ஒவ்வொருவரும் தன் பெயருக்கு முன்னால் தன் மலையின் பெயரையும் ஆற்றின் பெயரையும் சொல்ல வேண்டும். அது மாவோரி வழக்கமாம். என் முறை வந்தபோது யானைமலை, வைகை என்றேன். வைகை எப்படி இருக்கும் என்று ஒரு பெண் ஆவலாகக் கேட்டாள். அகலமாக இருக்கும் என்று மட்டும் சொன்னேன்.

வேன்களில் ஏறினோம். நகரத்தைவிட்டு வெளியே வந்து, தெற்கே தெற்கே என்று போய்க்கொண்டிருந்தது வேன். ரயிலும் பஸ்ஸுமாக ஒன்றரை மணி நேரம் தவம் கிடந்து வந்த வழியிலேயே திரும்பிப் போகிறோம் என்று எனக்கு உறைத்தபோது மனுகாவைத் தாண்டியிருந்தோம். அக்கா வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் ஒரு பெரிய இரும்பு வாசலுக்கு முன்னால் வேன் நின்றது. உள்ளே பச்சைப் புல்வெளி, வரிசை வரிசையாகக் கற்கள், கற்களின் மேல் பிளாஸ்டிக் பூக்கள். கல்லறைத் தோட்டம்.

அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடக் கூடாத நாள். மணப்பெண்ணும், தாரை வார்க்க வேண்டிய மாமனும் வாசலில் நிற்கிறோம். யாழினி வாளிகளை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"உங்க அம்மாவுக்குத் தெரியுமா?" என்றேன்.

"கேக்கல. சொல்லல," என்றாள் தமிழில்.

கால் வலி என்று சொல்லி வேனிலேயே இருந்துவிடலாமா என்று நினைத்தேன். சமத்துவம் பற்றி ஆண்டுக்கு நான்கு முறை மேடையில் முழங்குகிற மனிதன் அப்படி நினைத்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். அந்தச் சமயம் பார்த்து உள்ளேயிருந்து ஓர் அம்மாள் வந்தார். தலையில் தொப்பி, முழங்கைவரை ரப்பர் கையுறை, கையில் பிரஷ். மாப்பிள்ளையின் அம்மா தவமணி, அவரும் யாழ்ப்பாணத்துக்காரர். முந்தின வாரம் வீடியோவில் பட்டுப்புடவையும் நகையுமாகப் பார்த்த சம்பந்தியை எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை.

"தம்பி, நீங்களும் வந்திட்டீங்களோ? நல்லதாப் போச்சு. இந்தாங்கோ, இந்த வாளியைப் பிடியுங்கோ."

பிடித்தேன். வாசலைத் தாண்டினேன்.

வேலைக்கு விதிகள் இருந்தன. வெறும் தண்ணீர், மெத்தென்ற பிரஷ், கீழிருந்து மேலாக. சோப்புப் போடக் கூடாது, இரும்புக் கம்பியால் சுரண்டக் கூடாது, கல் உதிர்ந்துவிடும். கல்லில் படர்ந்திருந்த பாசியையும் கற்பாசியையும் பார்த்ததும் எனக்குள்ளிருந்த தாவரவியல்காரன் விழித்துக்கொண்டான். கற்பாசி என்பது வெறும் பாசி இல்லை, பூஞ்சையும் பாசியும் சேர்ந்து குடித்தனம் நடத்தும் உயிர் என்று பக்கத்திலிருந்த டோங்கா நாட்டுப் பையனுக்குப் பாடம் எடுத்தேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஐயா, நீங்கள் தேய்ப்பதை நிறுத்திவிட்டீர்கள் என்றான்.

எங்கள் குழுவுக்கு ஒரு சமோவா நாட்டு அம்மாவின் கல். வேலைக்கென்று இந்த நாட்டுக்கு அழைக்கப்பட்டவர்களின் வீட்டுக் கதவை, வேலை குறைந்த பிறகு போலீஸ் விடியற்காலையில் தட்டி விசா கேட்ட காலம் ஒன்று இங்கே இருந்திருக்கிறது. பசிபிக் தீவுக்காரர்களின் வீடுகளாகப் பார்த்துத் தட்டியிருக்கிறார்கள். அப்போது இந்த அம்மா தொழிற்சாலை வேலை முடிந்ததும் வீடு வீடாகப் போய், கதவைத் திறக்கும் முன் என்ன கேட்க வேண்டும், எதில் கையெழுத்துப் போடக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தாராம். டோங்காப் பையன் அதைத் தாளிலிருந்து வாசித்தான். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, என் தாத்தா வீட்டுக் கதவையும் தட்டினார்கள் என்று சொல்லிவிட்டு மறுபடியும் வாசித்தான்.

எங்கள் விழாவில் தலைவர்களின் வரலாற்றைச் சிறப்பு விருந்தினர் சொல்வார். மாணவர்கள் பின்னால் அமர்ந்து ஃபோன் பார்ப்பார்கள். இங்கே ஒவ்வொருவரும் ஒரு பத்தி வாசித்துவிட்டு, அந்தப் பெயரின் எழுத்துகளுக்குள் இருந்த அழுக்கைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுத்தார்கள். எழுத்து ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கியபோது நானும் ஒரு பிரஷ் வாங்கிக்கொண்டு முழங்காலிட்டேன். யாரென்றே தெரியாத ஒருவரின் பெயருக்கு நான் அவ்வளவு கவனமெடுத்தது எனக்கே ஆச்சரியம்.

ஒவ்வோர் ஆண்டும் வருவீர்களா என்று தவமணி அக்காவிடம் கேட்டேன். அவர் கல்லைக் காட்டினார்.

"ஓம். பிற்காலத்தில நானும் இவவும் ஒரே லாண்டரியில வேலை செய்தனாங்கள். எங்கட மனுசன்ர அகதிக் கேஸை நிராகரிச்சுப் போட்டாங்கள். அப்ப இவ மூண்டு நாள் லீவு போட்டிட்டு அந்த ஒஃபிஸில என்னோட வந்து இருந்தவ. ஒண்டும் பெரிசாக் கதைக்கேல்லை. பக்கத்தில இருந்தவ, அவ்வளவுதான்."

பந்தக்கால் நட்ட பிறகு இங்கே வருவது பற்றி மெதுவாக இழுத்தேன். அவர் பிரஷ்ஷை வாளியில் முக்கினார். சண்டைக்குள்தான் தனக்குக் கல்யாணம் நடந்தது, அன்றைக்குப் பக்கத்து வீட்டில் செத்தவீடு, அழுதுவிட்டு வந்த அதே ஆட்கள்தான் தாலி கட்டும்போது பூப் போட்டார்கள் என்றார். நாற்பது வருடமாக அந்த மனிதரோடுதானே இருக்கிறேன் என்றார். பிறகு, ஏதோ சாதாரண விஷயம்போல, தன் மகனும் யாழினியும் முதலில் சந்தித்ததே இந்தக் கல்லுக்குப் பக்கத்தில்தானே, எனக்குத் தெரியாதா என்று கேட்டார். பல்கலைக்கழக விழாவில் சந்தித்தார்கள் என்றுதான் எங்கள் வீட்டில் பேச்சு. பொய் என்று சொல்ல முடியாது.

வெளியே வரும்போது வாசலில் ஒரு குழாய். எல்லோரும் வரிசையில் நின்று கை கழுவினார்கள்; சிலர் தலையிலும் தெளித்துக்கொண்டார்கள். உள்ளே சாப்பிடவும் கூடாதாம். மாவோரிகளுக்கும் இந்த முறை உண்டு என்று காலையில் பிரார்த்தனை சொன்ன மாணவர் சொன்னபோது எனக்குப் பெரிய நிம்மதி. நான் மூன்று தடவை தெளித்துக்கொண்டேன். தெருவுக்கு அப்பாலிருந்த கூடத்தில் அந்த சமோவா அம்மாவின் குடும்பத்தார் சாப்பாடு கொண்டுவந்திருந்தார்கள். தேங்காய்ப் பாலில் வெந்த சேப்பங்கிழங்குக்குத் தாளிப்பு ஒன்றுதான் குறை. தேங்காய்ப் பாலில் ஊறிய இனிப்பு பன்னை மூன்று தின்றேன். கல்லறைப் பயமெல்லாம் இரண்டாவது பன்னோடு போய்விட்டது.

அந்தப் பயம் வீட்டு வாசலில் திரும்பி வந்தது. தவமணி அக்காவின் காரில்தான் நாங்கள் பாபகூரா திரும்பினோம். நண்பர்களோடு ஊர் சுற்றினோம் என்று சொல்லலாம் என வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். அக்கா கதவைத் திறந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் சம்பந்தி செருப்பைக் கழற்றினார்.

"சாந்தி, கொஞ்சம் தண்ணி தாங்கோ. கால் கழுவிப்போட்டு உள்ள வாறன். சவக்காலைக்குப் போட்டு வாறம்."

சவக்காலை என்றால் கல்லறை என்று அக்காவுக்கு விளங்கச் சற்று நேரமானது. விளங்கியதும் என்னைப் பார்த்தாள்; அடுத்து யாழினியின் சேறு படிந்த ஷூவைப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். ஷூ வைக்கும் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். புருஷனைப் பறிகொடுத்தவள், மகள் விஷயத்தில் ஒரு சின்னப் பிசகுக்கும் இடம் வைக்கக் கூடாது என்று ஆறு மாதமாக ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துச் செய்தவள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குளித்துவிட்டால் சரியாகிவிடும் என்று முணுமுணுத்தேன். நேற்று நண்பன் வீட்டுக்கே உன்னைப் போக விடவில்லையே என்றாள்.

"அப்ப யாருதான் தாரை வார்க்கிறது?" என்றாள்.

யாழினி அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். அவளுக்குத் தமிழ் எட்டு வயதோடு நின்றுவிட்ட தமிழ். அம்மா என்ன கேட்டாலும் ஆங்கிலத்தில்தான் பதில் வரும். இதை மட்டும் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள்.

"மாமா போனாரு. இந்த மாமி போனாங்க. நான் போனேன். இந்த வீட்ல போகாதது நீ மட்டும்தாம்மா."

அக்கா தலையாட்டினாள், கணக்கு சரிதான் என்பதுபோல. பிறகுதான் அவளுக்கு அர்த்தம் எட்டியது. நான் எப்படிடி, என்னை யாரு விடுவாங்க என்றாள். யார் விட மாட்டார்கள் என்று யாழினி கேட்டாள். அக்காவின் கண் சம்பந்தியின் பக்கம் போனது. பின்னே, மாப்பிள்ளை வீட்டார் அல்லவா.

"என்னை ஏன் பாக்கிறீங்கள்? பெத்த தாய் தந்தாப் போதும் எனக்கு," என்றார் தவமணி அக்கா. இன்னும் வெளியேதான் நின்றிருந்தார், தண்ணீருக்காக.

அக்கா எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீ போய்க் குளிச்சிட்டு வாடா. ஞாயித்துக்கிழமை பின்னால நின்னுக்கோ."

சனிக்கிழமை அவளே ஐயருக்குச் செய்தி அனுப்பினாள். தாய்மாமன் ஒற்றை ஆளாகச் செய்யலாம் என்றால் தாய் செய்வதற்கு என்ன என்று கேட்டிருந்தாள். நான்கு நிமிடக் குரல் செய்தி பதிலாக வந்தது. அரை நிமிடம் கேட்டுவிட்டு, பூ கட்ட நேரமாச்சு என்று ஃபோனை வைத்துவிட்டாள். எல்லாம் திட்டம் போட்டுத்தான் செய்தாயா என்று யாழினியைத் தனியாகக் கேட்டேன். நீங்கள்தானே மாமா வருகிறேன் என்றீர்கள் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் கடைசி வரிசையில் நின்றேன். முன்னால் வீடியோக்காரர், அவருக்கு முன்னால் மாப்பிள்ளையின் உயரமான நண்பர்கள். குதிகாலை உயர்த்திப் பார்த்தால் அக்காவின் முழங்கை தெரிந்தது. பச்சைப் பட்டு ரவிக்கையின் கரை தெரிந்தது. எல்லோரும் எழுந்ததை வைத்துத்தான் தாரை வார்க்கிறாள் என்று ஊகித்தேன். தண்ணீர் விழுந்ததை நான் பார்க்கவில்லை. கடைசி வரிசையில் நின்றால் எதுவும் தெரியாது.

என் கல்யாணத்தின்போது எங்கள் அப்பா உயிரோடு இல்லை. அம்மா மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் நின்றாள். தாலி கட்டியதைப் பார்த்தாயா என்று அவளிடம் நான் கேட்டதே இல்லை.